வைரஸ் பிடித்த கை ட்ரோன் பிடிக்குமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு செய்தியைப் பற்றியது. முப்பது வருடங்களுக்கும் மேலாகக் கணினி வைரஸ்களோடு மல்லுக்கட்டிய பின்லாந்துக்காரர் மிக்கோ ஹிப்போனென், 2025இல் அந்த வேலையை விட்டு, ட்ரோன்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் சென்சோஃபியூஷன் என்ற நிறுவனத்துக்குப் போனார். "இரண்டும் ஒரே வேலைதான் என்கிறார்களே, உண்மையா?" என்று தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் வாலில்தான் விஷயம் இருக்கிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு இணையப் பாதுகாப்பு படிக்கிறேன், வைரஸ் காலம் முடிந்துவிட்டதா, படித்ததெல்லாம் வீணா, ட்ரோனின் வானொலித் தொடர்பைக் குழப்பும் ஜாமர் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பழகினால் என்ன என்று கேட்கிறீர்கள். அந்த வாலுக்குத்தான் பதில் எழுதுகிறேன். ஜாமரைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். 2003இல் இதே திருகோணமலையில் சிறியதொரு கணினி திருத்தும் கடையில் தொடங்கினேன். பிறகு அலுவலகங்களின் வலையமைப்புப் பாதுகாப்பு. இடையில் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்து, இரவில் அன்டெனாவோடு மாரடிப்பது பழக்கமாகிவிட்டது. (மனைவி இதைப் பழக்கம் என்று சொல்வதில்லை.) எந்தப் படையிலும் இருந்ததில்லை, ட்ரோன் ஒன்றையும் வீழ்த்தியதில்லை. ஆகவே அலைவரிசை, நெறிமுறை (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகள்), மென்பொருள் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். போர்முனை பற்றிச் சொல்வதை, படித்துத் தெரிந்துகொண்ட ஒருவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வேலையா என்றால், பாதி. அடையாளம் காணும் பாதிக்குப் பழைய படிப்பு அப்படியே கைகொடுக்கும். தடுத்து நிறுத்தும் பாதி வேறு உலகம்.

முதல் பாதியை விளங்கிக்கொள்ள ஹிப்போனெனின் பழைய கதையொன்று உதவும். 1991இல் அவர் டேட்டா ஃபெலோஸ் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் எஃப்-செக்யூர் என்ற வைரஸ் எதிர்ப்பு நிறுவனம் ஆனது அதுதான். 2011இல் அவர் லாகூருக்கு ஒரு பயணம் போனார். பி.சி. கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெயின்' 1986இல் அங்கேதான் பிறந்தது. அதை எழுதிய பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வைரஸுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து இவர் அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டினால், சகோதரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். இன்று எந்த வைரஸ்காரன் முகவரி எழுதிவைப்பான் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் கடைகளில் விற்கும் ட்ரோன்கள் இப்போதும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கின்றன. டி.ஜே.ஐ. நிறுவனத்தின் பல ரகங்கள், பறக்கும் நேரமெல்லாம் நொடிக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு சிறிய செய்தியை வானொலியில் வீசிக்கொண்டிருக்கும். ட்ரோனின் தொடர் எண், அது இருக்கும் இடம், கிளம்பிய இடம் எல்லாம் அதில் இருக்கும். கட்டுப்படுத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் நிற்கும் இடமும் இருக்கும். அந்தச் செய்தி, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படாமலே போகிறது என்பதை 2023இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் செயலில் காட்டினார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தது நிலாவெளியில். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், பதிவு செய்த ட்ரோன் வைத்திருப்பவர், ஹோட்டல் ஒன்றின் முன்னால் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய சம்மதத்தோடு மடிக்கணினியில் ஒரு அலைவாங்கியை மாட்டி, 2.4 கிகா ஹேர்ட்ஸ் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பது மட்டும்தான், எதையும் அனுப்பவில்லை. திரையில் இடமிருந்து வலமாக அலைவரிசை, மேலிருந்து கீழாக நேரம் வழிந்துகொண்டிருக்கும். ஹோட்டலின் வைஃபை அகலமான திட்டுத் திட்டாக வந்தது. விருந்தினரின் புளூடூத் காதுக்கருவிகள் தாளிப்பில் வெடித்த கடுகு போல எங்கும் சிதறின. ட்ரோன் மேலே எழுந்தவுடன் ஒரு பாயை விரித்துவிட்டது போல, இடைவெளி தெரியாமல், 20 மெகா ஹேர்ட்ஸ் அகலத்தில் ஒரு பட்டை கீழ்நோக்கி நீண்டுகொண்டே வந்தது. அது வீடியோ. அந்தப் பாய்க்கு வெளியே, ஈர மணலில் நண்டு ஓடிய தடம் போல, ஒடுக்கமான சிறு கீறல்கள் அங்கும் இங்கும் தாவின. அது நண்பரின் கையிலிருந்த கட்டுப்படுத்தி. ட்ரோன் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்து, சத்தமும் அலைச்சத்தத்தில் கரைந்த பிறகும் பாய் அப்படியே கிடந்தது.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது 2007, 2008 காலத்துப் பென் டிரைவ் வைரஸ்கள். கோப்புறை போலவே மஞ்சள் படம் போட்டுக்கொண்டு, 'நியூ ஃபோல்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டு வரும். பெயரை நம்பாதே, படத்தை நம்பாதே, கோப்பின் அளவைப் பார், எல்லாக் கோப்புறையும் எப்படி ஒரே கிலோபைட் எண்ணிக்கையில் இருக்கும் என்று கேள் என்றுதான் கடைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ட்ரோன் வேலையிலும் அதே கண்தான் வேண்டும். மாதிரிகளைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும், தன்னை என்னவாகக் காட்டிக்கொள்கிறது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு எதை மறைக்க முடியாமல் தவிக்கிறது என்று தேட வேண்டும். புதிய ரகம் ஒன்று வந்தால் அதன் சைகையைப் பிரித்துப் பார்த்து, அடையாளப் பட்டியலில் சேர்த்து, களத்தில் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் வாழ்க்கையே இதுதான். ஆகவே ஹிப்போனென் போனது அந்நியர் வீட்டுக்கு அல்ல.

ஏன் போனார் என்பதில் இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் சுமார் 1,340 கிலோமீட்டர் நில எல்லை. உக்ரைனில் நடப்பதை அங்குள்ளவர்கள் வெளிநாட்டுச் செய்தியாக வாசிக்க முடியாது. மற்றது, வைரஸ் வேலையின் ஒரு பெரிய பகுதி உண்மையிலேயே வென்றெடுக்கப்பட்டுவிட்டது. இதற்கு என் கடையே சாட்சி. பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011 பெப்ரவரியில் ஒரு புதுப்பிப்பு மூலம் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. அதற்குப் பிறகு எங்களிடம் அந்த வகைக் கணினிகள் வருவது கண்ணெதிரே குறைந்தது. வருமானமும் குறைந்தது, அது வேறு கதை. வைரஸ் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டீர்கள். முடியவில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டான். இன்றைக்குக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவனும், கடவுச்சொல்லை ஏமாற்றி வாங்குபவனும்தான் முன்னால் நிற்கிறார்கள். இந்த ஊரில் இன்றும் எனக்குச் சோறு போடுவது அந்த வேலைதான்.

இனி இரண்டாம் பாதி. வைரஸைக் கண்டுபிடித்தால் நிறுத்துவது ஒரு நொடி வேலை, ஏனென்றால் அது ஓடுவது நம் கணினியில். ட்ரோன் ஓடுவது எதிராளியின் கணினியில், நமக்கு மேலே, காற்றில். இந்த வேறுபாட்டை லேசாக நினைக்க வேண்டாம்.

ஜாமர் என்பது என்ன செய்கிறது? திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், நூறடி தள்ளி நிற்கும் நண்பன் உங்களைக் கூப்பிடுகிறான் என்று வையுங்கள். அவன் சொல்வது காதில் விழாது. அவனே பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னால் விழும். ட்ரோனின் காதுக்கும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே இயக்குபவன் தூரத்திலும் ஜாமர் கிட்டவும் இருந்தால் ஜாமர் வெல்லும், மறுபுறமாக இருந்தால் தோற்கும். வென்றாலும் என்ன நடக்கும் என்பது ட்ரோனைப் பொறுத்தது. கடையில் வாங்கிய ட்ரோன் தொடர்பு அறுந்ததும் கிளம்பிய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அல்லது அப்படியே இறங்கும். ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து போய்விட்டால் காற்று தள்ளும் பக்கம் மிதந்து போகும். குண்டு கட்டிய ட்ரோன் எங்கே விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதற்கும் மேலாக, போர்க்களத்தில் ட்ரோன்காரர்கள் முகவரி எழுதிவைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். 2024இலிருந்து ரஷ்யாவும் உக்ரைனும் கண்ணாடியிழை ட்ரோன்களைப் பெருமளவில் இறக்கியிருக்கின்றன. தூண்டில் நூலைவிட மெல்லிய ஒளியிழை ஒரு உருளையில் சுற்றி ட்ரோனில் இருக்கும். பறக்கப் பறக்க நூல் அவிழும், பத்து இருபது கிலோமீட்டர் வரை. படமும் கட்டளையும் அந்த நூலுக்குள்ளேயே போய்வரும். வானொலியில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. நான் நிலாவெளியில் பார்த்த பாயும் இல்லை, நண்டுத் தடமும் இல்லை. அலையைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் கருவிக்கு முன்னால் அது வெறும் வானம். அப்போது ராடார், ஒலிவாங்கி, கமெரா என்று வேறு புலன்களுக்குப் போக வேண்டும். தடுப்பதற்கோ வலை, வேட்டைத் துப்பாக்கி, இன்னொரு ட்ரோன் என்று பழைய காலத்துக்கே திரும்ப வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தில் இது ஒன்றும் இருக்காது.

ஜி.பி.எஸ்.ஸைக் குழப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். குழப்புவது எளிது என்பதுதான் சிக்கலே. செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் சைகை தரைக்கு வரும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்களவுதான் மிஞ்சும். சின்னக் கருவி ஒன்றே அதை அமுக்கிவிடும், ஆனால் வேண்டாத ட்ரோனை மட்டும் தேர்ந்து அமுக்காது. இந்தக் குடாவிலிருந்து இரவில் கடலுக்குப் போகும் படகுகள் எதைப் பார்த்துக் கரை திரும்புகின்றன? பின்லாந்துப் பக்கத்தில் இது கற்பனை இல்லை. 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்னேர் விமானங்கள் எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் இறங்க முடியாமல் திரும்பி, அந்தச் சேவையே ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. காரணம் ஜி.பி.எஸ். குறுக்கீடு.

சுட்டு வீழ்த்துவது பற்றி இந்த ஊர்க்காரனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2008 ஆகஸ்ட் 26 இரவு புலிகளின் இலகு விமானங்கள் கடற்படைத் தளத்தின் மேல் வந்தபோது ஊரில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விளக்குகள் அணைந்தன, வானம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். தாழ்வாக, மெதுவாகப் பறந்த சிறிய விமானங்கள்தான் அவை. அவற்றின் இயந்திரச் சூடும் குறைவு. பெரிய விமானத்தை எதிர்பார்த்துச் செய்த பாதுகாப்பு சிறியதற்கு முன்னால் தடுமாறும் என்பது அன்றே தெரிந்தது. காலையில் பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் கூரையில் ஒரு துளை. கீழே சமையலறைத் தரையில் வளைந்த ஈயத்துண்டு. மேலே சுட்டது கீழே வந்திருக்கிறது, அவ்வளவுதான். ட்ரோன் எதிர்ப்பு விளம்பரப் படங்களில் அந்தத் துண்டைக் காட்டுவதில்லை.

இன்னும் பின்னால் போனால் 1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் வருவதை இங்கிருந்த ராடார் முன்கூட்டியே கண்டது, பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் மேலே எழும்பி எதிர்கொண்டன. அப்படியும் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் அடிவாங்கின. ஒரு ஜப்பானிய விமானம் மோதி எரிந்த எண்ணெய்க் குதத்தின் எச்சம் இன்றும் சீனக்குடாவில் நிற்கிறது. பார்க்காவிட்டால் ஒருமுறை போய்ப் பாருங்கள். கண்டுபிடிப்பதற்கும் தடுப்பதற்கும் நடுவில் எவ்வளவு இரும்பு தேவை என்று அது எந்த நூலையும்விட நன்றாகச் சொல்லும்.

பிழையான எச்சரிக்கையின் விலையும் இரண்டு துறைகளிலும் வேறு. 2010 ஏப்ரலில் மக்காஃபி என்ற வைரஸ் எதிர்ப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துத் தனிமைப்படுத்தியது. உலகெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து மறுபடி தொடங்கின. பெரிய அவமானம், ஆனால் கோப்பைத் திரும்பப் போட்டால் கணினி எழுந்துவிடும். 2018 டிசம்பரில் இலண்டன் கெட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பறக்கிறது என்று சொல்லி ஓடுபாதையை மூடினார்கள். ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள், ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். பொலிஸார் பிடித்துக்கொண்டு போன தம்பதிக்கு அதில் சம்பந்தமே இல்லை. அங்கே ட்ரோன் பறந்ததா என்பதே இன்றுவரை விவாதம். வானத்தில் 'தனிமைப்படுத்து' என்ற பொத்தான் கிடையாது.

எனக்குச் சந்தேகம் உள்ள இடங்களையும் சொல்கிறேன். ட்ரோனின் நெறிமுறைக்குள் புகுந்து கட்டுப்பாட்டைக் கைப்பற்றி, பத்திரமாக இறக்கிவிடுவோம் என்று சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. ரகம் தெரிந்த, கடையில் விற்கும் ட்ரோன்களில் இது முடியக்கூடியதே. ஆனால் தானே பாகங்கள் கோத்து, மென்பொருளை வாராவாரம் மாற்றும் ஒருவனிடம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தானே பிரித்தறிந்துவிடும் என்ற பேச்சையும் ஒரு சிட்டிகை உப்போடுதான் கேட்கிறேன். காகத்தையும் ட்ரோனையும் கமெரா பிரிப்பது ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரி, மாரி மழையில் வேறு மாதிரி.

நீங்கள் என்ன செய்யலாம்? படிப்பை மாற்ற வேண்டாம். அதன் கீழே ஒரு தளம் தோண்டுங்கள். அலை, மாதிரியெடுப்பு, பண்பேற்றம் ஆகியவற்றுக்கான கணக்கு உங்கள் பல்கலைக்கழக நூலகத்திலேயே கிடக்கிறது. பிறகு ட்ரோனை ஓட்டும் ஆர்டுபைலட் என்ற திறந்த மூல மென்பொருளை இறக்குங்கள். அதனோடு வரும் போலி ட்ரோனை மடிக்கணினியிலேயே பறக்கவிடலாம், ஒரு ரூபாய் செலவில்லை, ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது தரையோடு பேசுவது மேவ்லிங்க் என்ற நெறிமுறையில். அதில் மறையாக்கம் இல்லை. இரண்டாம் பதிப்பில், செய்தி உரியவரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் கையொப்ப வசதி உண்டு, ஆனால் நீங்களாக இயக்காவிட்டால் அது சும்மா கிடக்கும். உங்கள் மடிக்கணினியில் நீங்களே கட்டிய வலையமைப்புக்குள், கையொப்பம் இல்லாமலும் கையொப்பத்தோடும் பறக்கவிட்டு, செய்திகளைப் பிரித்துப் படியுங்கள். ஒரு மாதத்தில் இணையப் பாதுகாப்பும் ட்ரோனும் எங்கே ஒட்டுகின்றன என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அமெச்சூர் வானொலிப் பரீட்சையையும் எழுதுங்கள். அலைக்கு மரியாதை கொடுக்கப் பழகுவது அங்கேதான்.

ஜாமர் வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், உரிமமில்லாமல் வானொலி அலை வீசும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். குறுக்கீடு செய்வதென்றால் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கம் கடற்படைத் தளமும் மறுபக்கம் சீனக்குடா விமானத்தளமும் இருக்கும் ஊரில், "பழகிப் பார்த்தேன் ஐயா" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க உங்களுக்கு ஆசை இருக்காது. ட்ரோன் வாங்கினாலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு செய்யாமல் மேலே ஏற்ற வேண்டாம்.

கேட்டுப் பழகத்தான் ஆசை என்றால், நிலாவெளிப் பதிவு என்னிடம் இருக்கிறது, தருகிறேன். அதில் நண்பரின் பாயைத் தவிர, நடுப்பகலுக்குப் பிறகு இன்னொரு அகலமான சைகை வரும். இரண்டாவது ட்ரோன் ஒன்று வந்துவிட்டதென்று நினைத்து இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். எந்த ரகத்தோடும் பொருந்தவில்லை. கடைசியில் அளந்து பார்த்தால், நொடியில் நூறில் ஒரு பங்கு எரிந்து, நூறில் ஒரு பங்கு அணைந்து, நொடிக்குச் சரியாக 50 தடவை வந்துகொண்டிருந்தது. நம் வீட்டு மின்சாரமும் 50தான். ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அன்று மதியம் விருந்து பிந்திவிட்டதாம், சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பில் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.